ஊர் திரும்பும் கையில் ஒரு கைப்பேசி

(மாத்தளை மாவட்டத்தில் மீளக்குடியமரும் குடும்பங்களுக்கான தகவல் அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

முன்னால் அமர்ந்திருக்கும் அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும், பின்னால் சுவரில் சாய்ந்து நின்று இப்போதே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம். தம்பிமாரே, போனை உள்ளே வைக்க வேண்டாம். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

வீடு, காணி, நட்டஈடு, பிள்ளைகளின் பாடசாலை என்று உங்களுக்குக் கேட்க ஆயிரம் இருக்கிறது. இந்த நேரத்தில் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் பற்றிப் பேச ஒருவர் வந்து நிற்கிறாரே என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயம்தான். ஆனால் 2025 நவம்பர் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். 28ஆம் திகதி டித்வா சூறாவளி கரையைத் தொட்டது. நாடு முழுவதிலும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாடு அப்படியோர் அழிவைக் கண்டதில்லை. மலைநாட்டில் மண் சரிந்தது, பாதை அறுந்தது, மின்சாரம் போனது, பல இடங்களில் சிக்னலும் போனது. அப்போது வெளியூரில் இருந்த பிள்ளைகளும் கொழும்பில் வேலை செய்யும் தம்பிமாரும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? பத்திரிகையையா? மேட்டில் ஏறிச் சிக்னல் பிடித்து ஊர்ப் பிள்ளை ஒன்று அனுப்பிய பத்து விநாடி வீடியோவைத்தான்.

அந்த நாட்களில் இன்னொன்றையும் கண்டோம். அரச எச்சரிக்கைகள் சிங்களத்தில் வந்த வேகத்தில் தமிழில் வரவில்லை. சில தமிழில் வரவே இல்லை. இதைச் சமூக ஊடகங்களில் இருந்தவர்கள்தான் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். தொண்டர்கள் தாங்களாகவே எச்சரிக்கைகளைத் தமிழாக்கிப் பகிர்ந்தார்கள். அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மழை அதற்காகக் காத்திருக்காது. உங்கள் ஊரில் சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த மழைக்கு முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்து வையுங்கள்: எச்சரிக்கை வந்தவுடன் அதைத் தமிழில் வாசித்து, குரல் பதிவாக ஊர் குரூப்பில் போட வேண்டும். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் பாட்டிமாருக்கும் குரல் பதிவு போய்ச் சேரும்.

மலைச்சரிவைப் படம் பிடிப்பது

திரும்பிப் போகும் பலரின் மனத்தில் இருக்கும் முதல் கேள்வி, வீட்டுக்கு மேலே இருக்கும் அந்த மலை இனிச் சும்மா இருக்குமா என்பது. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது என்ற தகவல் பிறகு வெளியே வந்தது. எச்சரிக்கை ஒரு காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்த மக்களுக்குப் போக மாற்று இடம் கொடுக்கப்படவில்லை. அந்தக் காகிதத்தை 2011 இல் ஊரில் ஒருவர் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டியிருந்தால், மாற்றுக் காணி எங்கே என்று மாதா மாதம் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? எனக்குத் தெரியாது. ஆனால் கேட்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் பார்த்தோம்.

மீரியபெத்தையில் இன்னொரு குழப்பமும் நடந்தது. முதல் இரண்டு நாட்களில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்று உலகமெங்கும் செய்தி போனது. பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பாடசாலைக்கும் வேலைக்கும் போயிருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். எந்த லயனில் எத்தனை பேர் என்ற சரியான கணக்கு உடனடியாக யார் கையிலும் இல்லை. ஆகவே முதல் வேலையாக, உங்கள் லயனில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை சிறுபிள்ளைகள், நடக்க முடியாதவர்கள் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். இது பேஸ்புக்கில் போட வேண்டிய விஷயமில்லை. ஊர் மண்ணுக்குள் போனாலும் கணக்கு வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்த வெடிப்புக்கு வருவோம். நிலத்தில் வெடிப்பு, சுவரில் புதிதாகக் கீறல், சாயும் மரம், சாயும் மின்கம்பம், இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்று திடீரென்று வற்றுவது, தெளிந்த ஓடை சேறாக வருவது. இவை மண்சரிவின் அடையாளங்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதை எப்படிப் படம் எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை.

வெடிப்பை மட்டும் கிட்ட வைத்து எடுத்தால் அது கண்டியா, கேகாலையா, இந்தியாவா என்று யாருக்கும் தெரியாது. முதலில் தூரத்தில் நின்று ஒரு படம். லயனும் மேட்டு நிலமும் சேர்ந்து தெரிய வேண்டும். பிறகு கிட்டப் போய் ஒரு படம். அதில் வெடிப்பின் பக்கத்தில் ஒரு பேனையோ தீப்பெட்டியோ பள்ளிக்கூட அடிமட்டமோ வையுங்கள். அப்போதுதான் அகலம் தெரியும். வெடிப்பின் இரு பக்கமும் இரண்டு சிறு குச்சிகளை அடித்து இடைவெளியை அளந்து எழுதுங்கள். அடுத்த கிழமை அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து, திரும்பவும் எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெடிப்பு விரிகிறதா இல்லையா என்று அதிகாரியும் பார்ப்பார், நீங்களும் பார்ப்பீர்கள். ஒரே ஒரு படம் பயத்தைத்தான் காட்டும். ஐந்து கிழமைப் படங்கள் ஒரு சாட்சி. மழை பெய்துகொண்டிருக்கும்போது படம் எடுக்க வெடிப்புக்குக் கிட்டப் போகாதீர்கள். உங்கள் உயிரை விடப் பெரிய படம் ஒன்றும் இல்லை.

வட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதன் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற உள்விபரங்களும் போய்விடும். அதிகாரிக்கோ பத்திரிகைக்கோ அனுப்பும்போது ‘டொகியுமன்ட்’ என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள். மூலப் படத்தைப் போனில் அழிக்காமல் வைத்திருங்கள்.

மழையையும் நீங்களே அளக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் தயார்நிலை, 150 ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற வேண்டும் என்பதுதான் மண்சரிவு எச்சரிக்கைக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் அளவு. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமான, அடி தட்டையான ஒரு தகரத்தை மரமோ கூரையோ இல்லாத வெளியில் வையுங்கள். அதில் 15 சென்டிமீற்றர் தண்ணீர் நின்றால் அதுதான் 150 மில்லிமீற்றர். காலையில் அளந்து, தகரத்தைக் கவிழ்த்துவிட்டு, ஊர் குரூப்பில் ஒரு வரி போடுங்கள். கொழும்பில் இருக்கும் கணினிக்கு உங்கள் பள்ளத்தில் பெய்த மழை தெரியாமல் போகலாம். உங்கள் தகரத்துக்குத் தெரியும். ஆனால் ஒன்று: தகரம் நிரம்பவில்லை என்பதற்காக, வெளியேறச் சொன்ன பிறகும் இருந்துவிடாதீர்கள்.

எப்படி எழுதுவது

பதிவுகள் பலவற்றைப் பார்க்கிறேன். “எங்கள் மக்கள் கண்ணீரில், கேட்பார் யாருமில்லை, அதிகாரிகள் தூங்குகிறார்கள், எல்லோரும் ஷேர் பண்ணுங்கள்” என்று இருக்கும். ஐந்நூறு பேர் ஷேர் பண்ணுவார்கள். ஐந்நூறு பேரும் அழும் முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். உதவ நினைத்தவருக்கு எங்கே வர வேண்டும், என்ன கொண்டு வர வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று ஒன்றும் தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: “மாத்தளை மாவட்டம், இரத்தோட்டைப் பிரதேச செயலகப் பிரிவு, இன்ன தோட்டம், மேற்பிரிவு. 3ஆம், 4ஆம் லயன்களில் 14 குடும்பங்கள். குடிநீர்க் குழாய் உடைந்து 9 நாட்கள். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். 6ஆம் திகதி கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்தோம். தேவை: 200 அடி குழாய். இன்று திகதி இது. விடயம் தீர்ந்ததும் இதே பதிவில் எழுதுவோம்.” இதில் அழுகை ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வாசிப்பவரால் எழுந்து ஒரு வேலை செய்ய முடியும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். தீர்ந்ததும் எழுதுவோம் என்பது மிக முக்கியம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, படகு அனுப்புவதிலிருந்து சோறு சமைப்பது வரை ட்விட்டரிலும் வட்ஸ்அப்பிலும் இளைஞர்கள் ஒருங்கிணைத்தார்கள். உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் உதவி கிடைத்து முடிந்த வேண்டுகோள்கள் திகதி இல்லாமல் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தன. தொண்டர்கள் தேவையில்லாத இடத்துக்குப் போய் நின்றார்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், இன்னும் பெருமழை வரும் என்று நாசா சொன்னது என்றும் பொய்யும் அதே வழியில் ஓடியது. பண்ணைக்காரர்கள் மறுக்க வேண்டியிருந்தது.

யாருக்கு முதலில் அனுப்புவது? என் கருத்து இது. முதலில் கிராம உத்தியோகத்தருக்கு, கையால் எழுதிய கடிதம். திகதியும் கையொப்பமும் வாங்கிய பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது பிரதேச செயலகம். உயிராபத்து என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேரே 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதற்குப் பிறகுதான் பேஸ்புக். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், “எங்களிடம் யாரும் சொல்லவே இல்லையே” என்று அலுவலகம் சொன்னால் உங்கள் பதிவு அங்கேயே செத்துவிடும். கடிதத்தின் படம் பதிவோடு இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. கடிதத்தைத் தமிழில் எழுதலாம். நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால், அதுவும் ஒரு செய்திதான்.

பேஸ்புக்கால் எதுவரை போகலாம்

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கூடியது நினைவிருக்கிறதா? தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் வேண்டும் என்பது கோரிக்கை. கட்சி பஸ் அனுப்பிக் கூட்டிவந்த கூட்டமில்லை அது. கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பேஸ்புக்கில் ஒருவரையொருவர் அழைத்து வந்தார்கள். தங்கள் அம்மாவின் கூடைக்காக வந்தார்கள். அன்றுவரை மலையக இளைஞனை யாரும் அப்படிக் காணவில்லை.

உடனே ஆயிரம் கிடைத்ததா? இல்லை. 2019 ஜனவரி கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாதான். 2021 மார்ச்சில்தான், சம்பள நிர்ணய சபையின் ஊடாக, வர்த்தமானியில் நாளொன்றுக்கு மொத்தம் ஆயிரம் ரூபா வந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல். இதை உற்சாகத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. பேஸ்புக் ஆட்களைத் திடலுக்குக் கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தை ஒரு சட்டமாக்கியது வேறு வேலை. கடிதம், கூட்டம், தொழிற்சங்கம், சபை, வர்த்தமானி. லைக் எண்ணிக்கையைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த கிழமையும் அதற்கடுத்த கிழமையும் கேட்டவர்கள்தான் விடயத்தை நகர்த்தினார்கள்.

அந்த வேறு வேலைக்கு உங்கள் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த இலங்கைப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில். தரவில்லையென்றால் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

என்ன கேட்கலாம்? எங்கள் லயன் இருக்கும் சரிவைப் பற்றிய மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி. நட்டஈட்டுப் பட்டியலில் எங்கள் பிரிவில் எத்தனை குடும்பம், நிராகரிக்கப்பட்டவை எத்தனை, காரணம் என்ன. முற்றாக உடைந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் லயன் அறை உங்கள் பெயரில் இல்லை. அது தோட்டத்தின் கட்டடம். அப்படியானால் லயனில் இருந்த குடும்பத்துக்கு எந்தச் சுற்றறிக்கையின் படி என்ன கிடைக்கும்? இந்தக் கேள்வியை பேஸ்புக்கில் கேட்டால் நூறு பேர் நூறு பதில் சொல்வார்கள். தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலைப் படமெடுத்துப் போடுங்கள். அதுதான் பிரஜை ஊடகவியல் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது.

மாத்தளைக்காரர்களுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. கண்டி, மாத்தளைப் பக்கத் தோட்டங்கள் பல ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனம் ஆகிய அரச நிறுவனங்களின் கீழ் இருக்கின்றன. உங்கள் தோட்டம் அப்படியானது என்றால், தகவல் கோரிக்கையைத் தோட்ட நிறுவனத்துக்கே கொடுக்கலாம்.

நம் கதையை யார் சொல்வது

2023 இல் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கி, ஓகஸ்ட் 12 இல் முடிந்தது. முடிந்த இடம் எது? இதே மாத்தளை. நம் முன்னோர் கப்பலிறங்கி, காட்டு வழியே, வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. பெரிய தொலைக்காட்சிகள் ஓரிரு நாள் காட்டியிருக்கும். ஆனால் காலில் கொப்புளத்தோடு நடந்தவர்களும் வழியில் தண்ணீர் கொடுத்தவர்களும் நாளுக்கு நாள் போட்ட படங்களால்தான், கனடாவில் இருந்தவருக்கும் பதுளையில் இருந்தவருக்கும் அந்த நடை தெரிந்தது. ‘மாற்றம்’ போன்ற தமிழ்ப் பிரஜை ஊடகத் தளங்கள் மலையகத்தின் காணி, வீடு, சம்பளம் பற்றித் தொடர்ந்து எழுதிவருகின்றன. நீங்கள் எழுதினாலும் அப்படியான தளங்களுக்கு அனுப்பலாம். கட்டுரையாக இருக்க வேண்டும் என்றில்லை, விபரத்தோடு நான்கு படங்கள் போதும்.

வெளியிலிருந்து கமெராவோடு வருபவர்களில் நல்லவர்கள் பலர். ஆனால் வரும்போதே கதையை முடிவு செய்துகொண்டு வருபவர்களும் உண்டு. அழுத முகம் வேண்டும், கிழிந்த சேலை வேண்டும், சிறுபிள்ளை வேண்டும். கொடுக்கும் அரிசிப் பையை இரண்டு தரம் வாங்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நிவாரணம் தருபவர் படம் எடுக்க விடவில்லை என்பதற்காகப் பையைத் திருப்பிக்கொண்டு போனால், அந்த நிறுவனத்திடம் முறைப்பாடு செய்யுங்கள். எங்களைப் போன்ற நிறுவனங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாமும் கவனமாக இருக்க வேண்டும். முகாமில் தூங்கும் பெண்கள், குளிக்குமிடம், பாடசாலைச் சீருடையில் பெயர் தெரியும் பிள்ளை, இவற்றைப் போடாதீர்கள். நட்டஈட்டுப் பட்டியலைப் படமெடுத்துப் போடும்போது அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் சேர்ந்து போகின்றன. அதை வைத்துக்கொண்டு, “உங்கள் நட்டஈடு வந்திருக்கிறது, போனுக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று ஒருவர் இனிமையாகப் பேசுவார். சொன்னால் கணக்கில் இருந்ததும் போகும். அந்த இலக்கத்தை வங்கிக்காரர் கேட்பதில்லை, பிரதேச செயலகமும் கேட்பதில்லை. யார் கேட்டாலும் போனை வையுங்கள்.

வதந்தி

1983 ஆடி மாதத்தில் மாத்தளையில் யார் கையிலும் கைப்பேசி இல்லை. ஆனால் வதந்தி இருந்தது. மூத்தவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. இப்போது அதே வதந்திக்குக் காலுக்குப் பதில் சக்கரம் கிடைத்திருக்கிறது.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கொத்து ரொட்டியில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. சில நாட்களில் பக்கத்துக் கண்டி மாவட்டத்தில், திகனைப் பகுதியில், தாக்குதல்கள் வெடித்தன. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்தது, மார்ச் 7 முதல் ஏறக்குறைய ஒரு கிழமைக்கு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. தங்கள் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் வருந்தியது 2020 இல். அதற்குள் எரிந்த வீடுகள் எரிந்துவிட்டன.

நிவாரணம் கொடுக்கும் நேரம் வதந்திக்கு விளைநிலம். “அவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள், நமக்கு இல்லை” என்ற ஒரு குரல் பதிவு போதும். அவர்கள் என்பது பக்கத்துச் சிங்களக் கிராமமாக இருக்கலாம், முஸ்லிம் தெருவாக இருக்கலாம், கீழ் லயனாகவும் இருக்கலாம். இப்படி ஒன்று வந்தால் மேலே பாருங்கள். இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை முன்னனுப்பப்பட்டது’ என்று இருந்தால், அதை உங்களுக்கு அனுப்பியவருக்கும் மூலம் தெரியாது. அனுப்பியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே? எப்போது? நீங்கள் கண்ணால் கண்டீர்களா? பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் பேச்சு நின்றுவிடும். என்னுடைய யோசனை, ஊர் குரூப்பில் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் ஒவ்வொருவரைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் நாம் எழுதும் விதமே மாறும். வெள்ளம் வரும்போது எச்சரிக்கையும் இரண்டு பக்கமும் போகும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின்படி, தீங்கு விளைவிக்கும் பொய்யான கூற்றை இணையத்தில் பரப்புவது குற்றமாகலாம். அந்தச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று ஊடக அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் சட்டம் இருக்கிறது. ஆகவே ஒருவரைத் திருடன் என்று எழுதாதீர்கள். “12ஆம் திகதி 40 பொதிகள் வந்தன, 31 வீடுகளுக்குக் கிடைத்தன, மீதி 9 பற்றிப் பதில் இல்லை” என்று எழுதுங்கள். திகதியும் எண்ணும் உங்களையும் காப்பாற்றும்.

ஊரில் ஒரு சிறு ஏற்பாடு

எல்லோரும் எல்லாவற்றையும் போட்டால் குரூப்பில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே எச்சரிக்கை தொலைந்துபோகும். இரண்டு குரூப் வையுங்கள். ஒன்று பூவுக்கும் பிறந்தநாளுக்கும். மற்றது அறிவித்தலுக்கு மட்டும். அதில் மூன்று பேர் மட்டும் எழுதும்படி அமைக்கலாம். அந்த மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தண்ணீர் இல்லை, மலசலகூடக் கதவு இல்லை, பால்மா இல்லை என்பதெல்லாம் முதலில் தெரிவது அவர்களுக்கு. மலை ஏறிச் சிக்னல் பிடிக்கத் தெரிந்த ஒருவர், சிங்களம் வாசிக்கும் ஒருவர் என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். அவர்களின் ரீலோட்டுக்கு ஊர் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போடுங்கள். கோவில் கணக்கு மாதிரி அதையும் குரூப்பில் எழுதி வையுங்கள்.

வெளிநாட்டு உறவுகளிடமிருந்து பணம் சேர்த்தாலும் அதே முறைதான். வந்தது எவ்வளவு, எதற்குப் போனது, பற்றுச்சீட்டு எங்கே. இதைப் பகிரங்கமாக எழுதும் ஊருக்கு இரண்டாவது தடவையும் பணம் வரும்.

மின்சாரம் இல்லாத நாட்களுக்கு, மழை எச்சரிக்கை வந்தவுடனேயே போனை முழுதாகச் சார்ஜ் செய்து, டேட்டாவை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் மெலிந்திருக்கும்போது வீடியோ போகாது, குறுஞ்செய்தி போகும். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், 117, மூன்று அயலவர்: இந்த இலக்கங்களைக் காகிதத்திலும் எழுதி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

தகவல் கோரும் படிவம், அதாவது ஆர்.டி.ஐ. 01, பிரதேச செயலகத்தில் கேட்டால் கிடைக்கும். இல்லாவிட்டால் வெற்றுத்தாளில் எழுதினாலும் செல்லும். இப்போது தேநீர் இடைவேளை. வெடிப்புப் படம் எடுத்து வைத்திருப்பவர்கள் அந்த மேசைக்கு வாருங்கள். இருவர் இருவராக இருந்து, உங்கள் சரிவுக்கான முதல் கோரிக்கையை இன்றே எழுதி முடிப்போம்.